வாசல் கதவுக்கு ஒரு காகிதப்பூ வளையம்

இது யார் கையில் கிடைத்தாலும் சரி, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், யாருக்கும் காட்டாதீர்கள். முக்கியமாக அப்பாவுக்குக் காட்டாதீர்கள். தெரியாமல் படித்துவிட்டால் மடித்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். இது என் அண்ணிக்கு எழுதுவது. அவர் இப்போது உயிரோடு இல்லை. இந்த வீட்டில் அவரைப் பற்றிப் பேச்செடுத்தால் அம்மா எழுந்து குசினிக்குப் போய்விடுகிறார். அப்பா ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுகிறார். அதனால்தான் எல்லோரும் படுத்த பிறகு அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

அண்ணி, சற்று முன்புதான் ஒரு மெழுகுவர்த்தியைத் தகர மூடியில் உருக்கி, சிவப்புத் தாளில் செய்த ரோஜாவை அதில் தோய்த்து எடுத்தேன். அந்த மணம் எழுந்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. போன டிசம்பர் முழுக்க உங்கள் விரல்களிலும் தலைமயிரிலும் இருந்த மணம். நீங்கள் பரிமாறிய சோற்றில்கூட அது இருந்தது. "என்னாடி, சோறு கோயில் மாதிரி மணக்குது" என்று அண்ணன் கேலி செய்தான். "அப்ப முட்டி போட்டுச் சாப்பிடுங்க" என்றீர்கள். அம்மாவே அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

அம்மா உங்களைப் பார்த்துச் சிரிக்க எவ்வளவு காலம் எடுத்தது என்று உங்களுக்குத் தெரியும். யட்டவத்தப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பையோடும் ஒரு மாதா படத்தோடும் அண்ணன் உங்களை அழைத்து வந்தபோது, வேதக்காரப் பெண் என்று அம்மா முகம் கொடுக்கவில்லை. நீங்கள் அதைக் கவனிக்காதது போல நேரே பின்பக்கம் போய் அப்பாவின் கொட்டிலை எட்டிப் பார்த்தீர்கள். வைக்கோல் சுற்றிய கம்பி வளையங்கள் அங்கே வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

"இதெல்லாம் என்னா மாமா, சைக்கிள் டயரா?"

அப்பா கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலேயே சொன்னார்: "டயர்தாம்மா. கடைசிப் பயணத்துக்கு."

சாவு வீடுகளுக்கு மலர்வளையம் கட்டுவதுதான் அப்பாவின் தொழில் என்று அப்போதுதான் உங்களுக்குப் புரிந்தது. அண்ணன் அதை உங்களிடம் சொல்லவே இல்லையாம். மாத்தளை டவுனில் பிரேதம் வைக்கும் மலர்ச்சாலைகளுக்கும், பல்லேபொல வரைக்கும் உள்ள சாவு வீடுகளுக்கும் எங்கள் கொட்டிலிலிருந்துதான் வளையம் போகிறது. அதற்கென்று எங்கள் வீட்டில் சில கட்டுப்பாடுகள் உண்டு. கட்டிய வளையம் பின்பக்கக் கேட் வழியாகத்தான் வெளியே போகும், வீட்டுக்குள் நுழையாது. உயிரோடு இருப்பவர் நெஞ்சுக்கு நேரே அதைப் பிடிக்கக்கூடாது. வாசல் பக்கம் ஒரு வெறும் கம்பிகூட வரக்கூடாது. இதையெல்லாம் நான்தான் உங்களுக்குச் சொன்னேன். நீங்கள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுவிட்டு, "எங்க வீட்ல நத்தாருக்கு வாசல்லதானே வளையம் மாட்டுவோம்" என்றீர்கள்.

உங்கள் தோட்டத்து லயத்து வீட்டில் பேஷன் பழக் கொடியை வளைத்து, அதில் காகிதப் பூக்களைக் கட்டி, நத்தாருக்கு முந்தைய நாள் கதவில் தொங்கவிடுவீர்களாம். அது இருந்தால்தான் பாலகன் இயேசு வழி தெரிந்து வருவார் என்று உங்கள் தம்பிமார் நம்புவார்களாம். இங்கே பெரிய வீதியோரத்தில் கொடிக்கு எங்கே போவது? நீங்கள் கேட்கவும் இல்லை. அண்ணன்தான் ஒருநாள் கொட்டிலிலிருந்து சின்னக் கம்பி ஒன்றை எடுத்து, சுற்றியிருந்த வைக்கோலைப் பிரித்து எறிந்துவிட்டு, உங்கள் மடியில் கொண்டுவந்து போட்டான். "இந்தா, ஒன் பாலகனுக்கு லைட் போஸ்ட்" என்றான். அவன்தான் கொடுத்தான், அண்ணி. அதை இங்கே எழுதி வைக்க வேண்டும்.

பூக்களை நாம் இரண்டு பேரும் செய்தோம். வெசாக் விளக்குக் கூடுகளுக்கு வாங்கி மிஞ்சிய தாள் கடைகளில் மலிவாகக் கிடைத்தது. நீளமாக வெட்டி, ஒரு விளிம்பைப் பென்சிலில் சுருட்டி, அடியை நூலால் இறுக்குவோம். கிரேப் தாள் என்றால் இதழின் நடுவே இரண்டு பெருவிரலையும் வைத்து மெதுவாக இழுக்க வேண்டும், அப்போதுதான் கிண்ணம் போலக் குழியும். நான் இழுத்தால் கிழிந்துவிடும். "பயந்துகிட்டே இழுக்கிற. அதுக்கு வலிக்காது, இழு" என்பீர்கள். முதலில் செய்த பூக்களைச் சோதனைக்கென்று ஒரு மாலை வெளியே வைத்தோம். டிசம்பர் மழைத் தூறலில் சாயம் இறங்கிச் சீமெந்துத் தரையெல்லாம் சிவப்பாகிவிட்டது. அம்மா பார்த்துக் கத்திய கத்தலில் பக்கத்து மசாலாக் கடை நானா ஓடிவந்தார். அதற்குப் பிறகுதான் மெழுகில் தோய்க்கும் யோசனை உங்களுக்கு வந்தது.

நத்தாருக்கு முந்தைய நாள் காலையில் வளையத்தைக் கதவில் மாட்டினீர்கள். சிவப்பு, மஞ்சள், நடுவே பச்சை இலைகள். நானா கடை திறக்க வந்தவர், வீதியிலிருந்தே குரல் கொடுத்தார்: "என்னா முதலாளி, ஓடர் இப்ப ஒங்க வீட்டுக்கேவா?" அப்பா வாசலுக்கு வந்து பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

"யாரு இத இங்க மாட்டினது? எறக்கு."

"மாமா, இதுல ஒங்க பூ ஒண்ணுகூட இல்ல. எல்லாம் காயிதம். காயிதத்துக்கு ஏது மாமா சாவு?"

அப்பா முணுமுணுத்துக்கொண்டே கொட்டிலுக்குப் போனார். நீங்கள் என்னைப் பார்த்துக் கண்ணடித்தீர்கள். நாம் வென்றுவிட்டோம் என்று நினைத்தேன்.

மத்தியானத்துக்கு முன்பே அந்த மனிதர் வந்தார். மோட்டார் சைக்கிளை நிறுத்தக்கூடத் தெரியாமல் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார். சின்ன மகள் இறந்துவிட்டாளாம், வளையம் வேண்டுமாம். அப்பா வெள்ளைச் செவ்வந்தியில் கட்டியதைக் காட்டினார். அவர் அதைப் பார்க்கவே இல்லை. கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அத தாங்க. என் புள்ளைக்குச் செவப்புன்னா உசுரு."

"அது விக்கிறது இல்லீங்க. அது வேற," என்று அப்பா சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் ஆணியிலிருந்து அதைக் கழற்றிவிட்டீர்கள். இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தீர்கள். அவர் சட்டைப் பையைத் தடவியபோது, "வேணாங்க, கொண்டு போங்க" என்றீர்கள். அவர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார். நெஞ்சுக்கு நேரே பிடிக்கக்கூடாது என்று அவரிடம் யார் சொல்ல முடியும்?

அவர் போன பிறகு அப்பா சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "நம்ம வாசல்ல தொங்குனத சாவுக்குக் குடுத்துட்டியேம்மா" என்று மட்டும் சொன்னார். நீங்கள் வெறும் ஆணியைத் தொட்டுக்கொண்டே, "புள்ளைக்குத்தானே மாமா" என்றீர்கள். அந்த நத்தாருக்கு நம் கதவில் ஒன்றும் இல்லை. இன்னொன்று செய்யத் தாளும் இல்லை, நேரமும் இல்லை. "விடு குட்டி, அடுத்த வருசம் இதவிடப் பெருசா செய்வோம்" என்றீர்கள். அந்த வளையத்தைக் கொடுத்துவிட்டு வெறும் கதவோடு கொண்டாடியதுதான் உங்களுக்கு இந்த வீட்டில் கிடைத்த ஒரே நத்தார்.

ஜனவரியில் உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் தடிமன் காய்ச்சல் என்று கொத்தமல்லி அவித்துக் குடித்தீர்கள். பிறகு டெங்கு என்றார்கள். மாத்தளை ஆஸ்பத்திரியிலிருந்து கண்டிக்கு அனுப்பினார்கள். ஒருநாள் நான் பாடசாலை விட்டு வந்தபோது அண்ணன் வாசற்படியில் செருப்போடு உட்கார்ந்திருந்தான். எனக்குத் தெரிந்துவிட்டது.

உங்களுக்கு அப்பாவே வளையம் கட்டினார். அவர் கட்டியதிலேயே பெரியது அதுதான். முழுக்க வெள்ளை. எவ்வளவு நேர்த்தியாகக் கட்டினார் தெரியுமா, ஒரு காம்புகூட வெளியே தெரியவில்லை. ஆனால் யட்டவத்த வேதக் கோயிலில் அதை உங்கள் காலடியில் வைத்தபோது, அதில் ஒரே ஒரு சிவப்புப் பூவாவது இருந்திருக்கலாம் என்று தோன்றியது. நம் வீட்டில் யாருக்குமே அது தோன்றவில்லை. எனக்கும் அங்கே போன பிறகுதான் தோன்றியது. கையில் ஒரு துண்டுத் தாள்கூட இருக்கவில்லை.

அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரிடமும் அம்மா ஒன்றையே சொன்னார். "வாசல்ல அவளே மாட்டினா, அவளே சாவுக்குத் தூக்கிக் குடுத்தா. பின்னாலயே போயிட்டா." வந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். நானாகூட, "அன்னைக்கு நான் பகிடிக்குத்தானே சொன்னேன், அல்லா" என்று கண்ணைத் துடைத்தார். கம்பியைக் கொடுத்தது தான்தான் என்று அண்ணன் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. அவன் யாரோடும் சரியாகப் பேசுவதே இல்லை, சாப்பிட்டுவிட்டுக் கொட்டிலில் போய்ப் படுத்துக்கொள்கிறான்.

ஆனால் அண்ணி, உங்களை அந்த வளையம் கொண்டு போகவில்லை. நீங்கள் போன அடுத்த வாரம் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் போனார். பூக்கள் வாடாமல் இருக்க அப்பா தண்ணீர் ஊற்றி வைக்கும் வாளிகள் அங்கே இருந்தன. நத்தாருக்கும் பொங்கலுக்கும் நடுவே பூ லொறி வராததால் பாதி வாளிகள் அப்போது ஊற்றிய தண்ணீரோடு அப்படியே கிடந்தன. அவர் ஒன்றைச் சாய்த்து டோர்ச் அடித்துக் காட்டினார். தண்ணீருக்குள் டெங்கு நுளம்பின் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. "பலன்ன மாத்தயா" என்று சிங்களத்தில் சொன்னார், பாருங்கள் என்று. அப்பா பார்த்தார். பக்கத்தில் நின்ற நானும் பார்த்தேன். அப்பா நிமிர்ந்தபோது என் கண்ணைத்தான் முதலில் பார்த்தார். பிறகு எல்லா வாளியையும் கவிழ்த்தார்.

அன்றிலிருந்து தினமும் மாலையில் வாளிகளைக் கவிழ்த்து, அடியில் தட்டிப் பார்க்கிறார். மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டு போய்ப் பார்க்கிறார். வளையத்தின் மேல் பழி போடும் பேச்சு வரும்போது மட்டும் அவரும் "ஆமா" என்கிறார். எனக்கு அவர் மேல் கோபம் வர மறுக்கிறது. உண்மையை யாராவது வாய்விட்டுச் சொன்னால் அப்பா என்ன ஆவார் என்ற பயம்தான் வருகிறது. அப்பாவைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. அதற்காக நீங்களே உங்கள் சாவைத் தேடிக்கொண்டதாக இந்த வீடு சொல்லிக்கொண்டே இருக்க வேண்டுமா?

வெசாக் முடிந்த பிறகு அந்த மோட்டார் சைக்கிள் மனிதர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். "அந்தத் தங்கச்சி எங்கங்க?" என்று கேட்டார். வாசலில் நான்தான் இருந்தேன். சொன்னேன். அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். மகளின் குழி மேல் வைத்த மற்ற பூவெல்லாம் அழுகிப் போய்விட்டதாம். உங்கள் பூ மட்டும் மழையெல்லாம் தாண்டி அப்படியே இருந்ததாம். "அதப் பாத்துட்டுத்தான் என் சம்சாரம் எந்திரிச்சி சோறு தின்னா" என்றார். இதை நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அம்மா அதற்கும் ஒரு கெட்ட அர்த்தம் கண்டுபிடித்துவிடுவார் என்று பயம். உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

நாளைக்கு நத்தாருக்கு முந்தைய நாள். என் கட்டிலுக்கடியில் ஒரு வளையம் இருக்கிறது. உடுப்புத் தொங்கவிடும் கம்பியை நானே வளைத்தேன், வட்டமாக வரவில்லை, முட்டை போல இருக்கிறது. பூக்கள் பரவாயில்லை. இதழ் இப்போது கிழிவதில்லை, அண்ணி. பெருவிரல்களை வைத்து இழுக்கும்போதெல்லாம் "அதுக்கு வலிக்காது" என்று உங்கள் குரல் கேட்கிறது. உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் குரல்தான். கேட்டதும் கொடுத்துவிட்ட அந்த இரண்டு கைகளும்தான்.

விடிந்து அப்பா முன்கதவைத் திறப்பதற்குள் அதை ஆணியில் மாட்டிவிட வேண்டும். அவர் பிய்த்து எறியலாம். அடிக்கலாம், இதுவரை என்னை அடித்ததில்லை. அம்மா ஒப்பாரி வைக்கலாம். இருந்தாலும் ஒரு காலைப் பொழுதாவது அது அங்கே தொங்க வேண்டும். அது தொங்கியும் இந்த வீட்டில் ஒருவரும் சாகவில்லை என்று எல்லோரும் பார்க்க வேண்டும். யாராவது கேட்டால் அண்ணிக்காக நான் மாட்டினேன் என்று சொல்லப் போகிறேன். சொல்ல வாய் வருமா தெரியவில்லை.

முதலில் கம்பியைக் கொஞ்சம்

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். மறுபடியும் தட்டுகிறார்கள், மெதுவாக. அண்ணனின் குரல்.

"லைட்ட அணைக்காத. நான்தான். அந்தக் கம்பிய குடு, நான் வட்டமா வளைச்சு