அடியில் இருந்த ஸ்டிக்கர்

செவ்வாய்க்கிழமை.

மகள் செல்வியின் லேப்டாப்பில் உடைந்த டிஸ்ப்ளேவுக்கு மாற்று தேடி இன்றும் அலைந்தேன். வெள்ளிக்கிழமை அவள் அதில்தான் வேலைக்கான பரீட்சை எழுத வேண்டும். அதை விற்ற விழுப்புரம் கடைக்காரன், "எங்க பேர மட்டும்தாங்க ஒட்டினோம், செஞ்சது வேற கம்பெனி" என்றான். எந்தக் கம்பெனி என்று அவனுக்கே தெரியவில்லை. விக்கிரவாண்டி டோல்கேட்டில் முறுக்கு விற்கிறவள்கூட யார் சுட்டது என்று சொல்வாள்.

திண்டிவனத்து ரிப்பேர்க்காரர் கவிழ்த்துப் பார்த்தார். "அடியில நம்பர் ஸ்டிக்கர் இருக்குமே, அத வச்சுத்தான் கம்பெனியக் கண்டுபுடிச்சு ஸ்பேர் வாங்கணும். எங்கண்ணா?"

"ஆயுத பூஜைக்கு அழுக்கா இருக்குதேன்னு சுரண்டிட்டுப் பொட்டு வச்சேன்."

"பொட்டு நல்லாத்தான் இருக்குது. இனிமே மொத்தமா கழட்டித்தான் பாக்கணும். வெள்ளிக்குள்ள ஆவாது."

செல்வி சாப்பிடாமலே படுத்துவிட்டாள். மூடியில் அந்தக் கடைக்காரன் பெயர் பளபளவென்று இருக்கிறது. அதையல்லவா சுரண்டியிருக்க வேண்டும்.