முயலுக்கு வீசிய வலை

என் அன்பான மனுசிக்கு,

நாங்கள் சுகம். குவைத்தில் நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. போனில் சொன்னால் உன் மகள் றொஷேல் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்பாள், அதனால்தான் எழுதுகிறேன். பிழைகளைப் பார்த்துச் சிரிக்காதே.

நீ சொன்னபடி அவளுக்கு முயல்குட்டி வாங்கினேன். தூக்கப் போனால் கட்டிலுக்கு அடியில் ஓடிவிடும். எனக்கு வேறு என்ன தெரியும்? வீச்சுவலையை வீசிப் பிடித்தேன். கையில் நல்ல கடி!

"அது என்ன மீனோ? இனித் தொடாதைங்கோ! நான் அடம்பனில இருக்கிற பெரியம்மாவிட்டப் போறன்" என்று கத்தினாள். நீ என்னைக் கட்டிய நாளிலிருந்து அவள் என் கையைப் பிடித்ததில்லை. அன்றோடு பேச்சும் நின்றது. வந்து கூட்டிப்போகிறேன் என்று உன் அக்காவும் சொல்லிவிட்டார்.

பிறகு நான் நிலத்தில் குந்தி, கிழிந்த வலையைப் பொத்தினேன். பக்கத்தில் அறுகம்புல்லை வைத்துவிட்டு, அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. முயலார் மெல்ல வந்து தின்றார். போகப்போக என் காலை மோந்தார். நேற்று மடியில் ஏறிவிட்டார்.

"அசையாதைங்கோ" என்று உன் மகள் மூச்சுவிடாமல் சொன்னாள்.

இன்று பூசைக்குப் போகையில் றோட்டைக் கடக்க வேண்டியிருந்தது. வழக்கமாக நான் கையை நீட்டுவேன், அவள் தன் கையை முதுகுக்குப் பின்னால் ஒளிப்பாள். இன்று நீட்டவில்லை. பஸ் போகட்டும் என்று சும்மா நின்றேன். ஒரு சின்னக் கை வந்து என் விரலைப் பிடித்தது. நான் திரும்பியும் பார்க்கவில்லை, அசையவும் இல்லை.

பிள்ளையைக் கூட்டிப்போக வரவேண்டாம் என்று உன் அக்காவிடம் சொல்லிவிடு. வந்தால் வலை வீசுவேன்.

இப்படிக்கு,
முயலிடம் கடி வாங்கிய உன் மனுசன்