சிவப்பு நூல் கட்டிய செடி

எழுந்ததும் முதலில் இதைப் படியுங்கள்.

உங்கள் அக்கா வருகிறார் என்று நேற்று பால்கனியைச் சுத்தம் செய்தீர்கள், சரி. ஓரத்துத் தொட்டியில் தானாக முளைத்திருந்த என் செடியை எதற்குப் பிடுங்கினீர்கள்? கேட்டால், "களைன்னு நெனச்சேன்" என்று ஒரு பதில். தேனீ உட்கார்ந்த பூவுக்கெல்லாம் சிவப்பு நூல் கட்டி, எது காய்க்கிறதென்று பதினோரு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். களைக்கு யாராவது நூல் கட்டுவார்களா? அந்த நூலை மட்டும் ஒவ்வொன்றாக அவிழ்த்து, பத்திரமாக என் தையல் பெட்டியில் வைத்திருக்கிறீர்கள்! அதைப் பார்த்ததும்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சாப்பாடு ஃப்ரிட்ஜில் இருக்கிறது. சூடு பண்ணி அண்ணிக்கும் போடுங்கள். நான் ஏன் சீக்கிரமே வேலைக்குக் கிளம்பிவிட்டேன் என்று கேட்டால், மழுப்பாமல் உள்ளதைச் சொல்லுங்கள்.

பி.கு.: உங்கள் டீக் கப்பைத் தேடாதீர்கள். குப்பைக்கூடையில் பொறுக்கிய ஒரு கிளையை அதில்தான் நட்டிருக்கிறேன். சதைப்பற்றுள்ள செடி, பிழைத்தாலும் பிழைக்கும். அதுவரை டம்ளரில் குடியுங்கள்.

இன்னொன்று. காலையில் தேனீ வந்தது. வெறும் தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது. நாளையும் வரும். நீங்களே பால்கனியில் நின்று, "களைன்னு நெனச்சேன்" என்று அதனிடம் சொல்லுங்கள்.