அதிமதுரம் கொஞ்சம் குடுத்தனுப்பு நைனா

அன்புள்ள நைனாவுக்கு,

குவைத்துலேர்ந்து உன் மக மலர் வணக்கத்தோட எழுதுறேன். நல்லா கீறியா? முட்டிக்குத் தைலம் தேய்ச்சிக்கினு வரியா? நான் வேலை செய்யிற வூட்ல சாப்பாட்டுக்கு ஒரு கொறையும் இல்ல.

போன்ல என் குரல் கம்மிக் கெடக்குன்னு பேஜாராயிட்டியே, அதான் எழுதுறேன். சளி, ஜுரம் ஒண்ணும் கெடையாது. இங்க சத்தமா பேசக்கூடாது, அவ்ளோதான். காசிமேட்டுல நான் மீன் ஏலம் கூவினா கடைசி போட்ல கீறவனும் திரும்பிப் பாப்பான். இங்க கிசுகிசுன்னு பேசியே தொண்டை சுருங்கிப்போச்சு.

போன வாரம் ஒரு கூத்து. டிரைவர் இம்மாம் பெரிய வஞ்சிரம் வாங்கியாந்து கிச்சன்ல போட்டாரு. பாத்ததும் என்னையறியாம ஏலம் கூவிட்டேன். நெருப்பு புடிச்சிக்கிச்சுன்னு மொத்த வூடும் ஓடியாந்துச்சு. மேடம் திட்டல. அன்னிலேர்ந்து என்னைப் பாத்தாலே உதட்டுல வெரல வைக்கிறாங்க.

இந்த லெட்டரைக் கொண்டாற தேசப்பன் மாமா திரும்பி வரும்போது அதிமதுரம் குடுத்தனுப்பு. பொடி வாணாம், வேராவே குடு. ஏலத்துக்குப் போறதுக்கு முன்னாடி வேரைத் தட்டிப் போட்டு நீ டீ தருவியே, அதை நானே போட்டுக்கிறேன். கூவுறதுக்கு இல்ல நைனா. உன்கிட்ட பேசும்போதாவது என் குரல் வரணும்.

மேடம் பெல் அடிக்கிறாங்க. "தோ வரேன்"னு குரல் குடுக்கக்கூடாது. போய் நின்னாப் போதும்.

மலர்