என் பேரில் எழுதிய பங்கு

ரங்கூன், 1926

என் அன்பு மனைவிக்கு,

நீ இங்கே வருவதற்குக் கப்பல் சத்தம், டிக்கெட்டுப் பணம், அனுப்பியிருக்கிறேன். பணம் எப்படி வந்தது என்று நீ கேட்பாய். நானே சொல்லிவிடுகிறேன்.

இங்கே அலோன் கப்பல் துறையில் மூட்டை சுமந்த மாரிச்சாமி, காய்ச்சலுக்கு ஒரு கம்பெனியின் மருந்தைக் குடித்துக் கண் இழந்தான். அவனையும் அவன் மனைவி ரத்தினம்மாளையும் கம்பெனி மேல் வழக்குப் போட என் முதலாளியான வக்கீலிடம் அழைத்துப் போனவன் நான். வழக்கு தோற்றால் ஒன்றும் தர வேண்டாம், ஜெயித்தால் மூன்றில் ஒரு பங்கு என்று பேச்சு. வக்கீல் பங்கு வாங்கக் கூடாது என்பது சட்டம். அதனால் ஒப்பந்தத்தை என் பேரில் எழுதினார்.

கம்பெனி சொற்பத் தொகை கொடுத்து வழக்கை முடித்துக்கொள்ள ராஜி பேசியது. வழக்கை நடத்தித் தோற்றால் பங்கும் போய்விடுமே! வக்கீல் உடனே ஒப்புக்கொண்டார். மருந்தில் குற்றமில்லை என்று எழுதிய தாளில் மாரிச்சாமி கைரேகை வைக்க வேண்டும் என்பது கம்பெனியின் நிபந்தனை.

"இனிமே அந்த மருந்தை விக்க மாட்டாகல்ல, தம்பி?" என்று ரத்தினம்மாள் கேட்டாள்.

"மாட்டாங்க அக்கா" என்றேன்.

புருஷன் விரலைப் பிடித்து அவளே ரேகையைப் பதித்தாள்.

மருந்து இன்றும் எல்லாக் கடையிலும் இருக்கிறது. வக்கீலுக்கு நியாயம் வேண்டாம், பங்குதான் வேண்டும். எனக்கும் அப்படித்தான். அந்தப் பங்கில் எனக்கு வந்ததுதான் உன் கப்பல் சத்தம்.

நீ வந்து இறங்கியதும் முதல் சோறு தன் வீட்டில்தான் என்கிறாள் ரத்தினம்மாள். நீ போய்ச் சாப்பிடு. என்னைக் கூப்பிடாதே.

உன் கணவன்