ரயில் வேலியோரத்து எருக்கலை

மகள் இங்கே வில்லரேயில் எங்கள் வீட்டடிப் பள்ளிக்கூடத்திலிருந்து காய்ந்த எருக்கலங்காயொன்றைக் கொண்டுவந்து உடைத்துவிட்டாள். வெள்ளைப் பஞ்சு என் கம்பளிச் சட்டை முழுக்க. தட்டத் தட்ட ஒட்டுகிறது. உடனே என் வகுப்புத் தோழனான உம்முடைய நினைவுதான், ஐசே. நீர் கண்ணை மூடியபின் வந்த முதல் இலையுதிர்காலம் இது.

பிரெஞ்சு வகுப்பில் உம்மையும் என்னையும் சோடி சேர்த்தார்கள். பிரான்சிலிருந்து ஆதியில் கனடாவுக்கு வந்து இங்கத்தைச் செடிகொடிகளை ஆராய்ந்தவர்களைப் பற்றி, ஒரு செடியையும் காட்டிப் பேசவேண்டும். தேறினால் எனக்கு டோர்வல் விமான நிலையத்தில் பயணிகளுக்கு வழிசொல்லும் வேலை. தேறாவிட்டால் பழைய துடைப்பம்தான்.

"நீர் கதையும், நான் செடியைப் பிடிக்கிறன்" என்றீர்.

"என்ர பிரெஞ்சைக் கேட்டால் செடி வாடிப்போம்."

பார்க் எக்ஸ்டென்ஷன் ரயில் வேலியோரம் ஒரு செடியை ஒடித்தோம். பால் வடிந்தது. இருவரும் ஒன்றாய்க் கத்தினோம்: "எருக்கலை!" பிள்ளையாருக்குச் சாத்தும் பூவை மொன்றியலில் கண்டுபிடித்த பெருமை! இலவசத் தமிழ்ப் பத்திரிகைக்குள் வைத்து, எங்கள் வீட்டு அரிசி மூட்டையின் கீழ் அழுத்தினோம். "உந்தச் செடியையும் உலையில போடவோ?" என்றாள் மனைவி.

வகுப்பில் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன், இது எங்கள் நாட்டிலிருந்து வந்த செடியென்று. ஆசிரியை மறுத்துத் தலையசைத்தார். "இல்லை ஐயா, இது இந்த மண்ணிலேயே பிறந்தது." நான் பாடமாக்கி வந்த மிச்சமெல்லாம் எங்கள் ஊர்ப் பிள்ளையார் கதைதான். துடைப்பம் கண்ணுக்குள் நின்றது.

நூலகத்தின் சிறுவர் பகுதியில் எடுத்து, நாம் படம் மட்டும் பார்த்த புத்தகத்தை நீர் அவசரமாய்ப் புரட்டினீர். எழுத்துக் கூட்டி வாசித்தீர். இதைப் பற்றி ஆதியில் எழுதிய பாரிஸ் மருத்துவர் கனடாப் பக்கமே வராதவர். கப்பலேறிப் போன செடிகளைப் பார்த்து எழுதியவர். இதைச் சிரியாச் செடியென்று நினைத்துவிட்டார். அந்தப் பெயர் இன்றுவரை அதன்மேல் ஒட்டியிருக்கிறது. பிறகு என்னைக் காட்டி, உடைந்த பிரெஞ்சில், "அவர் டொக்டர், இவர் கிளீனர். இரண்டு பேருக்கும் ஒரே பிழை!" என்றீர்.

ஆசிரியையே மேசையில் தட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் என் நாக்கு அவிழ்ந்தது. மருத்துவருக்காக அப்புக்காத்து மாதிரி வாதாடினேன். தேறிவிட்டேன்.

அக்காடி மெத்ரோ வாசலில் நீர் சொன்னீர்: "பேரில சிரியா எண்டாலும் வேர் இஞ்சைதானே, ஐசே. ஆராவது அதைப் போகச் சொன்னவையோ?"

இப்போதும் டோர்வலில் பிழைபிழையாய்த்தான் பிரெஞ்சு கதைக்கிறேன். பயணிகள் சரியான விமானத்தில்தான் ஏறுகிறார்கள்.

"அப்பா, இது எங்கட ஊர்ச் செடியோ?" என்று மகள் கேட்டாள்.

"ஓம், எங்கட ஊர்தான்."

"யாழ்ப்பாணமோ?"

"இல்லையடி, இந்த வில்லரேதான்" என்று யன்னலைத் திறந்து, பஞ்சை ஊதிவிட்டேன்.