இருபத்தாறு துண்டுகளும் அத்தையின் குரலும்

அன்புச் சுண்டெலிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நான், அம்மா, அத்தை மூன்று பேரும் சௌக்கியம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் கம்பளிச் சட்டையின் பொத்தான்களை எல்லாம் போட்டுக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் முதல் வரியிலேயே "அய்யோ அப்பா!" என்று கத்துவாய், அதற்கப்புறம் எனக்குப் பேச்சு வராது. கடிதம் என்றால் கத்திவிட்டு மறுபடி எடுத்துப் படித்துத்தானே ஆக வேண்டும். நெஞ்சைப் பிடித்துக்கொள்ளாதே, யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. தப்பு செய்தது நான், அவ்வளவுதான்.

ஒன்றரை மாதத்துக்கு முன்னால் அத்தையின் பேச்சுப் பயிற்சியாளர் கூப்பிட்டார். தொண்டை ஆபரேஷனுக்கு முன்னால் அத்தை துணி அலமாரிக்குள் சுற்றிலும் போர்வைகளைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, அந்த வலியோடு பதினோரு நாளில் ஆயிரத்து அறுநூறு வாக்கியங்களைப் பேசிப் பதிவு செய்தாளே, அதை வைத்து அவள் குரலிலேயே பேசும் கருவி இப்போது நம் மொழிக்கும் வந்துவிட்டதாம். அவள் எழுத எழுத அது பேசுமாம். இருபதாம் தேதிக்குள் பதிவுகளைக் கொடுத்தால் இந்த முறை சேர்த்துக்கொள்வார்கள், விட்டால் அடுத்து எப்போது என்று அவர்களுக்கே தெரியாது. இருபத்தெட்டு வருஷம் பேருந்து நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்து ஊரையே வண்டி ஏற்றிவிட்டவள், பதினாலு மாதமாகக் குரலில்லாமல் கழுத்தில் சிலேட்டை மாட்டிக்கொண்டு அலைகிறாள். அன்றைக்கு அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். நான் பதிவுகள் இருந்த கணினியைப் போட்டேன். டிக் டிக் என்றது, அப்புறம் அதுவும் இல்லை. ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டது.

செத்தால் சாகட்டும், என் மகள் பேக்கப் எடுத்து வைத்திருக்கிறாள் என்று பந்தாவாகத்தான் எழுந்தேன். நீ கிளம்புவதற்கு முன் கணினி முழுவதையும் அச்சு அசலாக ஒரே நகலாக, இமேஜாக எடுத்து, வெளி டிஸ்கில் இருபத்தாறு துண்டுகளாகப் போட்டுவிட்டுப் போனாய். பக்கத்துக் கடைக்காரரிடம் வேறு கணினியை இரவல் வாங்கிவந்து அதில் டிஸ்கைச் செருகித் திறந்தால், கோப்பு பழுதாகிவிட்டது, திறக்க முடியாது என்கிறது. எண்ணிப் பார்த்தேன், இருபத்து நாலுதான் இருக்கிறது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. நீ போன ரெண்டாவது மாதம் சும்மா இருக்க முடியாமல் அந்த டிஸ்கை ஒழுங்குபடுத்தினேன். முப்பத்தோரு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் கை சும்மா இருக்குமா? எல்லாத் துண்டும் ஒரே அளவு, கடைசி இலக்கம் வரை ஒரே அளவு. ஒரே சாமானை எதற்கு இத்தனை தடவை வைத்திருக்கிறாள் என்று ரெண்டை அழித்தேன். மிச்சத்துக்குக் கண்ணில் பட்ட வரிசையில் அடுக்கு அ, அடுக்கு ஆ என்று பெயர் மாற்றினேன். நல்லவேளை அம்மா சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள், இல்லையென்றால் இருபத்தாறையும் ஒன்றாக்கியிருப்பேன். அப்புறம் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் எழுதி அதே டிஸ்கில் போட்டு, பெட்டியில் வைத்து, நாடா ஒட்டி, நாடா மேல் கையெழுத்தும் தேதியும் போட்டேன். இப்போது கத்திவிடு, அப்பா காத்திருக்கிறேன்.

அத்தையிடம் ரெண்டு நாள் மறைத்தேன். மூன்றாம் நாள் சொல்லிவிட்டேன். அவள் சிலேட்டை எடுத்து எழுதினாள், "திட்டக்கூடக் குரல் இல்லாம பண்ணிட்டியே அண்ணா." சத்தியமாகச் சொல்கிறேன், அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். ஆனால் அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இருபதாம் தேதிக்குள் அந்தக் குரலை வெளியே எடுக்காமல் விடுவதில்லை என்று. கடைக்காரர் டிஸ்கைப் பார்த்துவிட்டு, "இது போன கேஸ் சார், ஃபார்மேட் பண்ணிடுங்க" என்றார். டிஸ்கைச் செருகும்போதெல்லாம் கணினியும் சரிசெய்யட்டுமா, சரிசெய்யட்டுமா என்று கேட்டது. ரெண்டு பேருக்கும் வேண்டாம் என்றேன். அசல் மேல் கை வைக்காதே, நகலில் மட்டும் வேலை செய் என்று நீ அடிக்கடி சொல்வாயே, அது ஒன்றுதான் என் தலையில் நின்றிருந்தது. அதே அளவில் புது டிஸ்க் வாங்கி, அழிந்த இடம், காலி இடம் உட்பட ஓர் அணு விடாமல் நகல் எடுத்தேன். ஒரு பகல் முழுக்க ஓடியது. அசலை மறுபடி பெட்டியில் வைத்து நாடா ஒட்டினேன், அம்மா முறைத்தாள்.

அடுத்தது வரிசை. பெயரைக் கெடுத்தாயிற்று, எது முதல், எது கடைசி என்று யார் சொல்வது? நாலு நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். அப்புறம்தான் ஒவ்வொரு துண்டும் எழுதி முடிந்த நேரம் ஓரத்தில் இருப்பதைக் கவனித்தேன், பெயரை மாற்றினாலும் அது மாறாதாம். சரக்கு உள்ளே வந்த நேரத்தை வைத்து லாரியைக் கண்டுபிடிப்பது எனக்குப் புதிதா? 4.02, 4.06, 4.10 என்று நாலு நாலு நிமிஷமாகப் போகிறது, ரெண்டே ரெண்டு இடத்தில் எட்டு நிமிஷம் இடைவெளி. ஒன்பதாவதும் பதினேழாவதும்தான் நான் அழித்த புண்ணியவான்கள். அழித்ததை மீட்கும் மென்பொருளை நகல் மேல் ஓடவிட்டேன், ரெண்டும் கிடைத்தன, நேரமும் கச்சிதமாகப் பொருந்தியது. பழையபடி எண் போட்டு ஓட்டினால் பதினேழில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. ஏன் தெரியுமா? நான் எழுதிய அந்தப் பாழாய்ப்போன பட்டியல், அழித்த துண்டின் இடத்தில் துளியூண்டு எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அன்றைக்குத் தேதி பதினாறு.

கணினியை மூடப் போனேன். அம்மாதான், "துளியூண்டுதானேங்க கெட்டுச்சு, மிச்சத்தை ஏன் அது தர மாட்டேங்குது, அதைக் கேளுங்க" என்றாள். கணினியே தொடாதவள் கேட்டாள் பார், அதுதான் சரியான கேள்வி. இமேஜ் மென்பொருளின் விளக்கப் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தேன், நாற்பத்தோராவது பக்கத்தில் இருந்தது, பழுதைப் பொருட்படுத்தாமல் படிக்க மட்டும் திற என்று. அழுத்தினேன். திறந்தது. உள்ளே "அத்தை" என்று நீ வைத்த பெயர் அப்படியே இருந்தது. பதினேழாம் தேதியும் பதினெட்டாம் தேதியும் மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்து ஒன்று விடாமல் கேட்டோம், மருத்துவமனை தந்த, வாக்கியங்கள் அச்சடித்த தாளில் அம்மா டிக் போட்டாள். முதல் வாக்கியத்திலேயே நான் அழுதுவிட்டேன், வெட்கமெல்லாம் படவில்லை. அத்தை அழவில்லை, 212ஆம் வாக்கியத்தில் மூக்கடைப்பு என்று சிலேட்டில் எழுதிக் காட்டினாள்.

ஆயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது நன்றாக இருந்தது. ஒன்று மட்டும் கரகரவென்று இரைச்சல். தாளில் தேடினோம், 1143. மருத்துவமனைப் பட்டியலில் இல்லாமல் அத்தை தானாகக் கையால் எழுதிச் சேர்த்துக்கொண்டது, "சுண்டெலி, எங்கடி இருக்கே, எப்ப வருவே?" அத்தை அந்த வரியின் மேல் விரலை வைத்தாள். உன்னிடம் மறைக்க எனக்கு மனசு வரவில்லை.

பத்தொன்பதாம் தேதி காலை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒன்று குறைந்தால் பாதகமில்லை, மிச்சத்தை வைத்தே அது எதையும் பேசும் என்றார் பயிற்சியாளர். நேற்றுக் கருவியைக் கொடுத்தார்கள். அத்தை அங்கேயே உட்கார்ந்து தட்டினாள், எங்கள் யாருக்கும் காட்டவில்லை. பொத்தானை அழுத்தினாள். "அண்ணா, இனிமே இந்த வீட்டுல எதையும் அடுக்காதே." அவள் குரல்தான், அவள் அதட்டல்தான். சரி என்றேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் பேக்கப் எல்லாவற்றையும் இந்த வாரமே ஒரு தடவை திறந்து பார், எடுத்து வைத்தால் மட்டும் போதாது. நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், அம்மாவின் முத்தங்களும் இதோடு வருகின்றன. முக்கியமாக ஒன்று, இந்தக் கடிதம் வந்து சேரப் பத்து நாள் ஆகும், அடுத்த மாதம் முதல் ஞாயிறு உனக்குக் காலை ஒன்பது மணிக்கு வீட்டிலிருந்து போன் வரும். எடுத்ததும் நீ பேசாதே, ஹலோகூட வேண்டாம். அத்தை தட்டி முடிக்கக் கொஞ்சம் நேரமாகும், வைத்துவிடாமல் இரு. 1143ஐ அவள் உன்னிடமே நேராகக் கேட்க வேண்டுமாம். பதிலை இப்போதே யோசித்து வை.

இப்படிக்கு,
எதையும் அடுக்காமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்
உன் அப்பா